ஆடியில் பிறக்கும் கிறிஸ்துமஸ்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெரிய சாலையில், வேலூரைத் தாண்டி, ஆம்பூரை எட்டுவதற்கு முன்னால் வருகிற ஊர் பள்ளிகொண்டா. பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் ஆனந்தமாகச் சயனித்திருக்கிறார். அவர் பள்ளிகொண்ட இடம் என்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். ஆனால் அவர் காலடியில் ஓடுகிற சாலைக்கு உறக்கம் என்பதே கிடையாது. சுங்கச் சாவடியில் இரவும் பகலும் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் கிழக்கே சென்னைத் துறைமுகத்தை நோக்கிப் போகிற அந்தப் பெரிய இரும்புப் பெட்டிகளில் சிலவற்றுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? கிறிஸ்துமஸ் இருக்கிறது!

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிசம்பரில் ஒருவருக்கொருவர் பரிசளித்துக்கொள்ளப்போகிற தோல் காலணிகளும், கைப்பைகளும், பணப்பைகளும் நம் ஊர் வெயிலிலேயே பெட்டிக்குள் ஏறிவிடுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளுகிற தோல் தொழில் வட்டாரத்துக்குப் பண்டிகைக் காலம் என்பது காலண்டரில் இருக்கிற தேதி அல்ல; அதற்கு ஆறு மாதத்துக்கு முந்திய சமாசாரம்.

கையால் எதையாவது செய்து விற்கலாமா என்று யோசிக்கிற நம் சகோதரிகள் முதலில் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். பண்டிகை வரும்போது விற்கத் தொடங்குகிறவர் பாதி வியாபாரத்தை ஏற்கெனவே இழந்துவிட்டார்.

பண்டிகையை முன்னால் இழுத்தவர்கள்

"அந்தக் காலத்தில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால்தான் ஜவுளிக் கடைக்குப் போவோம். இப்போது என்னடா என்றால் நவராத்திரிக் கொலு வைப்பதற்குள் தீபாவளி விற்பனை என்கிறார்களே!" என்று பாட்டிமார்கள் அங்கலாய்ப்பதுண்டு. இந்த அவசரம் இன்று நேற்று வந்தது அல்ல. பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் நகர்த்திய ஜனாதிபதி ஒருவர் இருந்தார்!

அமெரிக்காவில் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமையை நன்றி தெரிவிக்கும் நாளாகக் கொண்டாடுவது வழக்கமாக இருந்தது. அது முடிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும். 1939-ஆம் வருஷம் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கடைசி வியாழன் 30-ஆம் தேதி. "கிறிஸ்துமஸுக்கு 24 நாள்தான் மிச்சம். வியாபாரம் படுத்துவிடும்" என்று பெரிய கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பண்டிகையை ஒரு வாரம் முன்னதாக, 23-ஆம் தேதிக்கு மாற்றி அறிவித்துவிட்டார். அவ்வளவுதான், தேசமே இரண்டுபட்டது. ஏறக்குறையப் பாதி மாகாணங்கள் புதிய தேதியில் கொண்டாடின. மற்றவை பழைய தேதியை விடவில்லை. கடைசியில் 1941-இல் நாலாவது வியாழக்கிழமை என்று சட்டமே போட்டு ராஜியாக்கினார்கள்.

நம் ஊர்க் கடைக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? ஆடியில் கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவது கிடையாது. ஜவுளிக் கடையில் ஈ ஓட்டுகிற மாதம் அது. தேங்கிய சரக்கைத் தள்ளினால்தான் தீபாவளிச் சரக்குக்கு அலமாரியில் இடம் கிடைக்கும். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஆடித் தள்ளுபடி. நாளடைவில் அதுவே ஒரு திருவிழாவாகிவிட்டது. 1935-இல் பிறந்த நமது கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் தீபாவளியை ஒட்டி 30 சதவிகிதத் தள்ளுபடி தருவதை வழக்கமாக வைத்திருக்கிறது.

இணையத்தில் கடை விரித்தவர்கள் இந்த வித்தையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பிளிப்கார்ட் நிறுவனம் 2014 அக்டோபர் 6-ஆம் தேதி முதன்முதலாகப் பெரிய பண்டிகை விற்பனை ஒன்றை ஒரே நாளில் நடத்தியது. இப்போது அது பல நாள் உற்சவம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. அமேசானும் பிளிப்கார்ட்டும் செப்டம்பர் 23-ஆம் தேதியே, அதாவது 27 நாள் முன்னதாகவே, கொட்டகை போட்டுவிட்டன.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பண்டிகைக் கணக்கும் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ரம்ஜான் வியாபாரம் தீபாவளிக்குக் குறைந்தது அல்ல. சந்திரனைப் பார்த்துக் கணிக்கிற அந்த வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள்தான். ஆகையால் ரம்ஜான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருகிறது. அதற்கு யாரும் விற்பனைத் தேதியை முன்னால் தள்ள வேண்டியதில்லை. பண்டிகையே தானாக முன்னால் நடந்து வருகிறது. சென்ற வருஷத்துத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு சரக்குச் சேர்க்கிற புது வியாபாரி ஏமாந்து போவார்!

காலணிக்கு ஒரு பஞ்சாங்கம்

காலணித் தொழிலில் வருஷத்துக்கு இரண்டே பருவம். ஒன்று வசந்தமும் கோடையும். மற்றொன்று இலையுதிர் காலமும் குளிரும். கிறிஸ்துமஸ் இரண்டாவது பருவத்தில் அடங்கும். ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசி, பிப்ரவரித் தொடக்கத்தில் சென்னையில் சர்வதேசத் தோல் கண்காட்சி நடக்கும். பிப்ரவரியில் இத்தாலியின் மிலான் நகரத்தில் காலணிச் சந்தை கூடும். நாம் மாசி மாதத்து இளவெயிலில் நடக்கும்போது, அங்கே அடுத்த குளிர்காலத்துக் காலணி மாதிரிகள் மேஜைமேல் வரிசையாக நிற்கும். வியாபாரி பார்த்து, திருப்பி, மடக்கி, முகர்ந்துகூடப் பார்த்து ஆர்டர் கொடுப்பார். சித்திரை, வைகாசியில் தோல் வெட்டப்படும். ஆனி, ஆடியில் சரக்கு கப்பல் ஏறும்.

கப்பல் பிரயாணமும் முன்போல் இல்லை. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், 2023-ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு, ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பத்துப் பதினைந்து நாள் கூடுதல் பிரயாணம். எங்கோ கடலில் நடக்கிற சண்டைக்கு, பாலாற்றங்கரையில் தையல் வேலை பதினைந்து நாள் முன்னதாக முடிய வேண்டியிருந்தது. உலகம் சுருங்கிவிட்டது என்கிறார்களே, அதன் அர்த்தம் இதுதான் போலும்.

தோல் இங்கே புதிதாக வந்த தொழிலும் அல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுகிற வித்தை தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தது. முதலில் பதனிட்ட தோலாகவே கப்பல் ஏறியது. 1970-களில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, தோலைப் பொருளாக்கி அனுப்புகிற வேலை வளர்ந்தது. அதற்கு இந்த மண் கொடுத்த விலையும் பெரிது. தோல் ஆலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டன. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, 1996-இல் வந்த தீர்ப்பு, "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற நியதியை நாடு முழுமைக்கும் நிலைநாட்டியது. அந்தக் கதை தனியாகச் சொல்ல வேண்டிய கதை. இங்கே நமக்கு வேண்டியது ஊசியும் நூலும்.

ஊசி பிடிக்கிற கை

காலில் போட்டுக்கொள்ளும் மொக்காசின் என்ற ஷூவைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, தடித்த நூலால் தைத்திருப்பார்கள். அந்த அழகு இயந்திரத்தில் சுலபமாக வராது. கையால்தான் தைக்க வேண்டும். பெரிய ஆலையில் தோலை வெட்டி, துளை போட்டு, கட்டுக் கட்டாகக் கட்டி, இடைத் தரகர் மூலமாக வீடுகளுக்கு அனுப்புவார்கள். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் சமையல் முடித்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திண்ணையிலோ தரையிலோ உட்கார்ந்து அந்த மேல்பாகத்தைத் தைத்துத் தருகிறார்கள். தொழிலில் அதற்கு "அப்பர்" என்று பெயர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.

அந்த "இவ்வளவு" எவ்வளவு? இந்தப் பெண்களின் நிலைமையைப் பற்றி, பெங்களூரைச் சேர்ந்த சிவிடெப் என்ற அமைப்பும் இங்கிலாந்துத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. கடையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை போகிற ஷூ ஒரு ஜோடிக்கு, கையால் தைத்தவளுக்குக் கிடைப்பது சில ரூபாய் மட்டுமே என்று அது எடுத்துக் காட்டியது. தடித்த தோலில் நூலை இழுத்து இழுத்து விரல் காய்த்துப் போகிறது. குனிந்தே இருப்பதால் கழுத்தும் முதுகும் வலி. ஆலைக்குள் வேலை செய்கிறவருக்கு உள்ள சேம நிதி, மருத்துவக் காப்பீடு எதுவும் வீட்டில் தைக்கிறவரை எட்டுவதில்லை. ஆர்டர் இருந்தால் இரவு வரை வேலை. இல்லாவிட்டால் வாரக்கணக்கில் சும்மா. 2020-இல் கொரோனா வந்து வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தானபோது, முதலில் வேலை நின்றது எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத இவர்களைப் போன்றவர்களுக்குத்தான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இலேயே வீட்டு வேலைத் தொழிலாளருக்காக 177-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. உலக நாடுகளில் மிகச் சிலவே அதை ஏற்றுக்கொண்டன. இந்தியா அந்தச் சிலவற்றில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளருக்கென்று ஒரு நல வாரியம் இருக்கிறது. அமைப்பு சாராத் தொழிலாளர் அதில் பதிந்துகொண்டால் விபத்து உதவி, குழந்தைகளின் படிப்பு உதவி, ஓய்வூதியம் போன்றவற்றைக் கேட்க வழி உண்டு. தைக்கிற பெண் ஒவ்வொருவரும் அந்த வாரியத்தின் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இதைப் படிக்கிற நம் வாசகிகள் யாரேனும் ஒரே ஒருவருக்கு இந்தத் தகவலைச் சொல்லி உதவினாலும் அது புண்ணியம்.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். மேல்நாட்டுக் கடையில் அந்த ஷூவின் மேல் ஒரு சிறு அட்டை தொங்கும்: "கையால் தைத்தது" என்று. அந்த இரண்டு வார்த்தைக்காக விலை ஏறுகிறது. ஆனால் யாருடைய கை என்று அட்டை சொல்வதில்லை. கைக்கு மதிப்பு உண்டு. கைக்கு உரியவளுக்கு இல்லை!

நேரே விற்றால் என்ன?

"அப்படியானால் அந்தப் பெண்களே ஆன்லைனில் விற்கலாமே! இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே!" என்று பட்டணத்துச் சகோதரி கேட்கலாம். நல்ல கேள்விதான். பதில் கொஞ்சம் நீளமானது.

முதலாவது, அவர் செய்வது முழு ஷூ அல்ல, அரை ஷூ. அடியட்டை வைத்து, அச்சில் ஏற்றி, ஒட்டி, அளவு பார்த்து முடிக்க ஆலை வேண்டும். பாதிப் பொருளை யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே காலணியை விட்டுவிட்டு, அளவு பார்க்க வேண்டாத சிறு பொருள்களுக்கு வர வேண்டும். நாணயப் பை, சாவிக் கொத்து வார், மூக்குக் கண்ணாடி உறை, நோட்டுப் புத்தகத்து மேலுறை, பெண்கள் கைப்பை. ஆலைகளில் வெட்டியது போக மிஞ்சுகிற தோல் துண்டுகள் இவற்றுக்குப் போதும். கை அதே கை. தையல் அதே தையல்.

இரண்டாவது, கடை எங்கே போடுவது? 2005-இல் அமெரிக்காவில் நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் எட்ஸி என்ற இணைய அங்காடி பிறந்தது. கைவினைப் பொருளுக்கென்றே ஏற்பட்ட சந்தை. உலகமெங்கும் வீட்டில் இருந்தபடி பின்னுகிறவர்களும் தைக்கிறவர்களும் அங்கே கடை விரித்தார்கள். அமேசான் 2015 அக்டோபரில் கைவினைக்கெனத் தனிப் பகுதி திறந்தது. நம் நாட்டில் பிளிப்கார்ட் 2019-இல் சமர்த் என்ற பெயரில் கைவினைஞர்களையும் சுய உதவிக் குழுக்களையும் சேர்க்கத் தொடங்கியது. 1973-இல் ஏற்பட்ட நமது பூம்புகார் நிறுவனமும் இப்போது இணையத்தில் விற்கிறது.

ஆனால் சந்தை பெரிதாக ஆக, சந்தையின் குணமும் மாறும். 2013-இல் எட்ஸி, வெளியே ஆட்களை வைத்துச் செய்து வாங்கிய பொருளையும் விற்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. "அப்படியானால் கைவினை என்பதற்கு என்ன அர்த்தம்?" என்று பழைய விற்பனையாளர்கள் கேட்டார்கள். 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதமாக உயர்த்தியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு வாரம் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். இணையக் கடைக்கு வாடகை இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடகை உண்டு, மாதம் பிறந்தவுடன் வருவதற்குப் பதில் ஒவ்வொரு பொருளோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, வரி விவகாரம். முன்பெல்லாம் இணைய அங்காடி வழியே ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பெரும்பாலானோர் ஜி.எஸ்.டி. பதிவு செய்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. வருஷத்துக்கு 40 லட்ச ரூபாய்க்குள் விற்கிற சிறு வியாபாரி, தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள்களை விற்பதானால், பதிவெண்ணுக்குப் பதில் ஓர் அடையாள எண் மட்டும் வாங்கிக்கொண்டு இணைய அங்காடியில் விற்கலாம். பயந்து ஒதுங்கியிருந்த குடும்பப் பெண்களுக்கு இது பெரிய கதவு.

ஒரு பர்ஸின் கணக்கு

வியாபாரம் என்று வந்த பிறகு கணக்குப் பார்க்காமல் இருக்கலாமா? ஒரு சகோதரி கையால் தைத்த பர்ஸை 600 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இது வெறும் உதாரணக் கணக்குத்தான். உங்கள் ஊர் விலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தோல், நூல், கொக்கி எல்லாம் 180 ரூபாய். அட்டைப் பெட்டி, காகிதம் 25. கூரியர் 70. அங்காடிக்காரரின் பங்கு நூற்றுக்குப் பதினைந்து என்றால் 90. ஆக மொத்தம் 365. மிச்சம் 235. தைக்க மூன்று மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 78 ரூபாய். பரவாயில்லை அல்லவா?

பண்டிகை வருகிறது. அங்காடிக்காரர், "எல்லாரும் 20 சதவிகிதம் தள்ளுபடி கொடுக்கிறார்கள். நீங்களும் கொடுத்தால் முன்பக்கத்தில் காட்டுவோம்" என்கிறார். நம் சகோதரியும் மனசு இளகி விலையை 480 ஆக்குகிறார். தோல் விலை குறைந்ததா? இல்லை. கூரியர் குறைந்ததா? இல்லை. அங்காடிப் பங்கு மட்டும் 72 ஆகிறது. 480-இல் 347 போனால் மிச்சம் 133. மணிக்கு 44 ரூபாய்!

கவனித்தீர்களா? விலையைக் குறைத்தது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் கையில் வருவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது. பெரிய ஆலைக்காரர் ஆயிரம் பொருளில் விட்டதைப் பத்தாயிரம் பொருளில் பிடித்துவிடுவார். கைக்கு அது சாத்தியமா? இரண்டு கைதானே கொடுத்திருக்கிறார் கடவுள்? போதாக்குறைக்கு, பத்துக்கு ஒன்று "நிறம் பிடிக்கவில்லை" என்று திரும்பி வந்தால், போகவர கூரியர் செலவும் தலையில் விழும்.

ஆகவே கையால் செய்கிறவர்களுக்கு முதல் பாடம்: சீக்கிரம் தொடங்க வேண்டியது தயாரிப்பை, தள்ளுபடியை அல்ல.

பொம்மைக்காரர் கற்றுத்தரும் பாடம்

இதை நம் ஊர்க் கொலு பொம்மைக்காரர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலும், பண்ருட்டியிலும், கடலூர் வண்டிப்பாளையத்திலும் நவராத்திரிக்கு எத்தனையோ மாதம் முன்னதாக, நல்ல வெயில் அடிக்கும்போதே பொம்மைகள் உருவாகிவிடுகின்றன. களிமண்ணும் காகிதக் கூழும் காய வெயில் வேண்டும். புரட்டாசியில் செய்யலாம் என்று உட்கார்ந்தால் மழை வந்து பிள்ளையாரைப் பிசைந்துவிடும்!

தோலுக்கும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோலில் பூஞ்சை பூக்கும். பிசின் சரியாகக் காயாது. கூரியரும் தாமதமாகும். ஆகவே தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வேண்டிய கைவேலை மழைக்கு முன்னால் முடிந்து, காற்றோட்டமான இடத்தில், துணிப் பைக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வைத்தால் தோல் வியர்த்துப் பாழாகும்.

கணக்கையும் பாருங்கள். தினம் நாலு மணி நேரம், வாரம் ஆறு நாள் தைத்தால் மேலே சொன்ன பர்ஸ் வாரத்துக்கு எட்டு ஆகும். ஆடி முதல் வாரம் தொடங்கி 14 வாரம் தைத்தால் 112 பர்ஸ். தீபாவளிக்கு நாலு வாரம் முன்னால் விழித்துக்கொண்டால் 32. ஆன்லைனில் ஒரே இரவில் ஐம்பது ஆர்டர் வரலாம்; ஒரே இரவில் ஐம்பது பர்ஸ் வராது. வாக்குக் கொடுத்துத் தாமதித்தால் வாடிக்கையாளர் எழுதிவிட்டுப் போகிற குறை, அங்காடியில் எல்லார் கண்ணிலும் படுகிறபடி நின்றுவிடும்.

பருவ வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனியில் மாதிரி செய்து பாருங்கள். அக்கம்பக்கத்தார் இருவரிடம் கொடுத்து ஒரு மாதம் உபயோகிக்கச் சொல்லுங்கள். ஆடியில் தையலைத் தொடங்குங்கள். ஆவணியில் நல்ல பகல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். பொருளை மட்டும் அல்ல, தைக்கிற கையையும் எடுங்கள். புரட்டாசி பிறந்தவுடன் படங்களைக் கடையில் ஏற்றிவிடுங்கள். ஐப்பசியில் உங்கள் வேலை பெட்டி கட்டுவது மட்டுமாக இருக்கட்டும்.

கடல் கடக்கிற பார்சல்

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? தாராளமாக. அதற்கு ஏற்றுமதி, இறக்குமதி எண் ஒன்று வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய்தான். சிறு பார்சல்காரர்களுக்காக 2022 முதல் நமது தபால் இலாகா ஊருக்கு ஊர் ஏற்றுமதி உதவி நிலையங்களைத் தொடங்கிவருகிறது. சுங்கக் காகிதங்களை அங்கேயே சரி செய்துகொள்ளலாம்.

ஆனால் எல்லா முட்டையையும் ஒரே கோழியிடம் அடைகாக்கக் கொடுக்கக் கூடாது என்பதற்கு 2025-ஆம் வருஷமே சாட்சி. அது வரை 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்கள் அமெரிக்காவுக்குள் தீர்வை இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. கைவினைக்காரர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். அந்தச் சலுகையை ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதற்கு இரண்டு நாள் முன்னால் இந்தியச் சரக்குகள் பெரும்பாலானவற்றின் மேல் விதித்த கூடுதல் தீர்வை 50 சதவிகிதமாக உயர்ந்தது. தீர்வையை யார், எப்படி வசூலிப்பது என்ற குழப்பத்தில் நமது தபால் இலாகா ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்தி வைத்து, அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது. கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிகிற ஏழு வாரம்! ஆம்பூர்ப் பெரிய ஆலைகளையே கலங்க வைத்த சமாசாரம். அமெரிக்காவை மட்டுமே நம்பி வீட்டில் பின்னி, தைத்து அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் பாடு என்னவாகியிருக்கும்?

ஆகவே தூரத்துச் சந்தையைத் தேடும்போது பக்கத்துச் சந்தையையும் மறக்க வேண்டாம். வேலூருக்கு வருஷம் முழுவதும் வெளியூர் ஜனங்கள் வந்தபடி இருக்கிறார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். 2007-இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். திரும்பிப் போகும்போது ஊர் ஞாபகமாக ஏதாவது வாங்கிப் போக ஆசைப்படாதவர் யார்? அவர்கள் கையில் போகிற பர்ஸுக்குள் ஒரு சிறு சீட்டு, அதில் கடையின் இணைய முகவரி இருந்தால், அடுத்த ஆர்டர் கல்கத்தாவிலிருந்து வரும். கூரியர் செலவில்லாத முதல் விற்பனை. விளம்பரச் செலவில்லாத இரண்டாவது விற்பனை.

தனியாகச் செய்வதைவிடக் கூட்டாகச் செய்வது இன்னும் உத்தமம். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாடெங்கும் பரவியிருக்கின்றன. ஒருவர் வெட்ட, மூவர் தைக்க, படித்த பெண் ஒருத்தி படம் எடுத்துக் கணக்குப் பார்க்க, ஐந்து பேர் சேர்ந்தால் வாரத்துக்கு எட்டு என்பது நாற்பதுக்குக் குறையாது. தோலை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்தக் கூலிக்குத் தைக்க முடியாது" என்று இடைத் தரகரிடம் சொல்லுகிற தைரியம் ஒருத்திக்கு வராது. ஐந்து பேருக்கு வரும். ஆன்லைன் கடையில் கிடைக்கிற லாபத்தைவிட அந்தத் தைரியம்தான் பெரிய லாபம் என்று சொல்வேன். கடையில் ஒரு மாதம் வியாபாரம் மந்தமாகலாம். தன் உழைப்பின் விலை என்னவென்று ஒரு தடவை கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டவள் அதை மறக்க மாட்டாள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை விற்கிறவர்களைப் பற்றியே பேசினோம். நம் வாசகிகளில் பெரும்பாலோர் வாங்குகிறவர்கள். அவர்கள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது.

கையால் செய்த பொருள் வேண்டுமென்றால் சீக்கிரமாகச் சொல்லி வையுங்கள். தீபாவளிக்கு ஆவணியிலும், கிறிஸ்துமஸுக்குப் புரட்டாசியிலும் சொன்னால் தைக்கிறவள் இரவு கண் விழிக்க வேண்டியதில்லை. பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் அவள் தோல் வாங்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. இயந்திரத்தில் செய்த பையின் விலையைக் காட்டி, "அங்கே குறைச்சலாகக் கிடைக்கிறதே!" என்று பேரம் பேசாதீர்கள். தையல் ஒன்று லேசாகக் கோணியிருந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். கை என்றால் அப்படித்தான். பிரிந்து போனால் மட்டும் எழுதுங்கள், தைத்துத் தருவார்கள். தைத்தவருக்கே எழுதுகிற வசதி பெரிய கடையில் கிடைக்குமா?

"கையால் தைத்தது" என்று அட்டை தொங்கினால், யார் கை, எந்த ஊர், என்ன கூலி என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் அட்டையிலேயே அச்சடித்துவிடுவார். வியாபாரிகள் வாடிக்கையாளருக்காகப் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தியவர்கள் ஆயிற்றே! ஒரு பெண்ணின் பெயரை அட்டையில் அச்சடிப்பதா அவர்களுக்குப் பெரிய காரியம்?